முதலில் காய்ந்த இடம்

பல்கீஸுக்கு முப்பது வயசு. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் கடை வைத்திருந்தாள். அவளிடம் தொழில் படிக்க வந்த ஆவுடையப்பனுக்கு ஐம்பத்துநாலு. அந்த வயசில் சீடனாகப் போய் உட்காருவது லேசுப்பட்ட காரியமா? வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள், மனுஷன் வேறு என்ன செய்வார்.

மில்லில் இருபத்தாறு வருஷம் நூல் பார்த்த கண் அவருக்கு. ஓடுகிற நூலில் எது அறுந்துபோகும் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அந்தப் பெருமையை மில்லிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடவில்லை.

“எந்த பார்ட் போயிருக்குன்னு எப்படித் தாயி கண்டுபிடிக்கீய?” என்று முதல் நாளே கேட்டார்.

“கருகியிருக்குன்னு உடனே மாத்திராதீங்க அண்ணாச்சி. மீட்டர் வச்சுப் பாருங்க. பக்கத்துல உள்ளதையும் பாருங்க.”

பூ, இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முத்துக்கனி என்ற பெண் ஆக்சிஜன் மெஷினை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தாள். கல் குவாரித் தூசியில் அவள் புருஷனுக்கு நுரையீரல் போய்விட்டது. மெஷின் ஓடினால்தான் மூச்சு. வீட்டில் ஒரு சிலிண்டர் இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தாங்கும் என்றாள். அவர் பக்கத்தில் ஆள் இல்லை என்று அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பினாள். ஊர் இருபத்தைந்து கிலோமீட்டர்.

பல்கீஸுக்கு அன்று வெளியே ஒரு வேலை இருந்தது.

“போர்டைக் கழட்டி மட்டும் வையுங்க. மூணு மணிக்கு வந்திருதேன்.”

ஆவுடையப்பன் கழற்றினார். ஓரத்தில் ரெகுலேட்டர் கருகிக் கிடந்தது. போர்டுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கிற சின்னச் சாமான் அது. பார்த்ததும் அவருக்கு மனசு துள்ளியது. டப்பாவில் அதே நம்பரில் ஒன்றே ஒன்று இருந்தது. மாற்றுவதற்கு முன்னாலேயே முத்துக்கனிக்குப் போன் போட்டுவிட்டார்.

“நாலு மணிக்கு ரெடிம்மா. அஞ்சரைக்குள்ள நானே கொண்டாந்து தந்திருதேன்.”

“நீங்க நல்லா இருப்பீய அண்ணாச்சி! பக்கத்து வீட்டுத் தம்பி காரோட நிக்கான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்னு. அப்ப அவனப் போகச் சொல்லிருதேன்.”

“சொல்லுங்க, சொல்லுங்க.”

பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார். போர்டை மெஷினில் மாட்டி சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம். புதியதும் கருகிவிட்டது. ஐயோ போச்சே என்று தலையில் கைவைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பல்கீஸ் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கருகியதைக் கழற்றிப் போட்டுவிட்டு போர்டு முழுக்க ஸ்பிரிட் தடவினாள். கொஞ்சமே கொஞ்சம் கரண்டு கொடுத்தாள்.

“கோளாறு உள்ள இடம் சுடும். எந்த இடம் மொதல்ல காயுதுன்னு பாருங்க.”

குனிந்து பார்த்தார். போர்டு எங்கும் ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. ரெகுலேட்டர் இருந்த ஓரமும் ஈரமாகவே இருந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் சட்டென்று காய்ந்தது. அங்கே எள்ளளவில் ஒரு கெப்பாசிட்டர். கருக்கல் இல்லை, கீறல் இல்லை, புதுசு போல இருந்தது.

“இதுவா தாயி?”

“இதுதான். உள்ளுக்குள்ள ஷார்ட். வந்த கரண்டு பூராவையும் இது இழுத்திருக்கு. குடுத்துக் குடுத்தே ரெகுலேட்டர் கருகிட்டு.”

“நான் கருகினதப் போயி குத்தம் சொல்லிட்டேனே.”

பல்கீஸ் கெப்பாசிட்டரை மாற்றினாள். இனி ரெகுலேட்டர் வேண்டும். மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டாள். காலை பஸ்ஸில்தான் அனுப்ப முடியும் என்றார்கள்.

மணி மூன்றரை.

“அந்தம்மாகிட்ட சொல்லிட்டீயளா?”

அவர் கருகிய ரெகுலேட்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? கார வேற நான்தான் போகச் சொன்னேன்.” எழுந்து செருப்பைத் தேடினார். “ஜங்ஷன்ல நாலு கடை இருக்கு தாயி. ஏறி இறங்குதேன். பழைய போர்டுலயாவது ஒண்ணு கிடைக்காமலா போயிரும்?”

“கடைக்கு நான் போறேன். நீங்க பேசுங்க.”

“கிடைச்சிட்டா அந்தம்மாவுக்குத் தெரியவே வேண்டாம்லா? ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் குடுங்க. அதுக்குள்ள கிடைக்கலன்னா நானே பேசிருதேன்.”

பல்கீஸ் போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“அந்த ஒரு மணி நேரம் எங்கிட்ட இல்ல அண்ணாச்சி. அவுக வீட்டுச் சிலிண்டர்ல இருக்கு.”