மேற்குக் குன்றின் ஒற்றைத் தட்டு

காட்டில் அந்த வருஷம் பாம்புத் தொல்லை அதிகம். ஒரே மரத்தில் கூடு கட்டிய பறவைகள் முட்டைகளை மொத்தமாகப் பறிகொடுத்து அழுதன. கடைசியில் எல்லாம் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தன. கிழக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று குன்றுகள். மூன்றிலும் குகைகள். அங்கே காட்டுக்கோழிகள் உட்கார்ந்து ஊரார் முட்டைகளை அடைகாக்கும். ஒரு குன்றில் பாம்பு புகுந்தாலும் மற்ற இரண்டும் தப்பும் அல்லவா!

நடுக்காட்டில் ஒரு பட்டமரம். அதில் மரங்கொத்தி சிந்தூரி இருந்தாள். முட்டையை அவளிடம் கொடுத்தால் போதும். அது எந்தக் குன்றுக்குப் போகிறது என்று கொடுத்தவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? குஞ்சு வந்து சேர்ந்தால் சரி.

சிந்தூரி மரத்தைத் தட்டிக் கேட்பாள். கோழிகள் தங்கள் குகை வாசல் மூங்கிலைக் கொத்திப் பதில் சொல்லும். ஒரு தட்டு என்றால் இடம் இருக்கிறது. இரண்டு தட்டு என்றால் நிறைந்துவிட்டது. அடைகாக்கும் இடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தக் காட்டின் கட்டுப்பாடு. முட்டை சுமக்கும் முசுக்குரங்கு சடையன்கூட, வாசலிலிருந்து உள்ளே சரியும் புல்மெத்தையில் முட்டையை மெல்ல உருட்டிவிட்டு, மூச்சுக் காட்டாமல் திரும்பிவிடுவான்.

பருவக்காற்று தொடங்கியது. முட்டைகள் குவிந்தன. கிழக்கு இரண்டு தட்டு. தெற்கு இரண்டு தட்டு. மேற்கு மட்டும் எப்போதும் ஒரே தட்டு!

“மேற்குக் குன்றுக் கோழிகள் தங்கமானவை! எவ்வளவு அனுப்பினாலும் முகம் சுளிப்பதில்லை!” என்று சிந்தூரி மெச்சிக்கொண்டாள். வந்ததையெல்லாம் அங்கேயே அனுப்பினாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. சிந்தூரியும் முட்டையிட்டாள். மற்ற குகைகளில் ஒரே நெருக்கடி. மேற்கில்தான் விசாலமாக இருக்கும் என்று தன் முட்டைகளையும் சடையன் கையில் கொடுத்து மேற்குக்கே அனுப்பினாள். அப்படி அனுப்பிவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்!

சில நாள் கழித்து ஒரு கிளி வந்து நின்றது. “அக்கா, எனக்கு முந்தின நாள் கொடுத்தவங்க வீட்டுக்கெல்லாம் குஞ்சு வந்து எத்தனையோ நாளாச்சு. என் குஞ்சு எங்கே?”

“மேற்குல நிதானமா வேலை நடக்குதும்மா. அவசரப்பட்டா ஆகுமா?” என்றாள் சிந்தூரி. சொல்லிவிட்டாளே தவிர, நெஞ்சில் ஏதோ இடறியது. மேற்கிலிருந்து யார் வீட்டுக்குத்தான் குஞ்சு வந்தது?

சடையனைக் கூப்பிட்டாள். “அங்கே கோழிகளைப் பார்த்தியாடா?”

“உள்ளே ஒரே இருட்டு. நான் எங்கே பார்க்க? தட்டுற சத்தம் கேட்டுச்சு. உருட்டிவிட்டுட்டு வந்துட்டேன்.”

அன்று பிற்பகல் காற்று நின்றது. ஓர் இலைகூட அசையவில்லை. சிந்தூரி மரத்தைத் தட்டினாள். கிழக்கு பதில் சொன்னது. தெற்கு பதில் சொன்னது. மேற்கு வாய் மூடிக் கிடந்தது.

மறுபடி தட்டினாள். சத்தமே இல்லை.

சிந்தூரி தட்டுவதை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஓர் இளங்காற்று அவள் கொண்டையைக் கலைத்துக்கொண்டு போனது.

டக்.

அவள் ஒன்றும் கேட்கவில்லையே! காற்று வலுத்தது. டக். டக். டக். கேட்காத கேள்விக்கு மேற்குக் குன்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

சிந்தூரி மேற்குக் குன்றுக்குப் பறந்தாள். குகை வாசலில் முறிந்த மூங்கில் ஒன்று தொங்கியது. காற்று வந்தால் அது ஆடும். ஆடினால் பாறையில் இடிக்கும். டக்.

“கோழியம்மா!” என்று கட்டுப்பாட்டை மீறிக் கத்தினாள். அவள் குரல்தான் திரும்பி வந்தது.

உள்ளே போனாள். அடைமெத்தைகளில் கோழிகள் இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே இறகுகள் மட்டும் வட்டம் வட்டமாகக் கிடந்தன. அவற்றின்மேல் சிலந்தி வலை பின்னியிருந்தது. ஓரத்தில் காட்டுப்பூனையின் காய்ந்த காலடித் தடம். நடுவே, காடு முழுக்க நம்பி அனுப்பிய முட்டைகள் வரிசையாக, அழகாக, குளிர்ந்து கிடந்தன. தன் முட்டைகளை அவள் அலகால் தொட்டுப் பார்த்தாள். கல்லைத் தொட்டதுபோல் இருந்தது.

சிந்தூரி கூவி அழைக்க, சடையனும் அவன் கூட்டமும் ஓடிவந்து எல்லாவற்றையும் கிழக்குக்கு அள்ளிச் சென்றார்கள்.

“இடமே இல்லடி சிந்தூரி!” என்றாள் கிழக்குக் கோழி மங்கா. “ரெண்டு தட்டு தட்டினேனே, கேட்கலையா? ஒருநாளாவது இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்திருந்தா, மேற்குக்கும் போயிருப்பே!” திட்டிக்கொண்டே சிறகை இன்னும் விரித்தாள். தாய்ப்பறவைகளும் வந்து ஆளுக்குச் சில முட்டைகளின்மேல் உட்கார்ந்தன.

மேற்குக்குக் கடைசியாகப் போன முட்டைகளில் சில பொரிந்தன. கிளியின் முட்டை பொரியவில்லை. சிந்தூரியின் முட்டைகளும் பொரியவில்லை. கிளி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று சிந்தூரி அழுதாள்.

இப்போது அவள் தட்டிக் கேட்பதோடு விடுவதில்லை. தினமும் கிழக்கிலும் தெற்கிலும் தலையை நீட்டிக் கோழிகளின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மரத்துக்கு வருகிறாள். மேற்குக்கு யாரும் போவதில்லை. ஆனாலும் காற்று வீசினால் அங்கிருந்து சத்தம் வரும். டக். இடம் இருக்கிறது, அனுப்பு என்று அது இன்னமும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பதில் வருகிற இடமெல்லாம் பாரம் தாங்கும் இடமல்ல. நேரில் போய்ப் பார்க்காமல் பிறர் சுமையை எங்கும் இறக்கி வைக்காதே.