கொம்பையாவுக்குப் பாராட்டு விழா

"வாசல் என்று ஒன்று இருந்தால்... இருந்தால்... அதற்குப் பிறகு எங்கள் பெரியவர் ஏதோ சொல்வார். மறந்துவிட்டது. பரவாயில்லை, கைதட்டுங்கள்!" என்றார் காட்டின் தலைவர் சோலைமந்தி.

காடே கைதட்டியது. கை இல்லாத பாம்பு வாலைத் தட்டியது.

அன்று இருவாச்சிப் பறவை கொம்பையாவுக்கு அவர் வீட்டு மரத்தடியிலேயே பாராட்டு விழா. 'காட்டின் தலைசிறந்த கணவர்' என்று பட்டம். பொன்னாடைக்குப் பதிலாக ஒரு பெரிய தேக்கிலையைத் தோளில் போர்த்தினார்கள்.

இருவாச்சிகளின் வழக்கம் காட்டில் எல்லோருக்கும் தெரியும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். இறகெல்லாம் உதிரும். சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். காலம் முடிந்ததும் பெண் வாசலை உடைத்து வெளியே வந்துவிடும்.

கொம்பையாவின் மனைவி செவந்தி மட்டும் வரவில்லை. முட்டை பொரியாமலே காலம் முடிந்து மழையும் தொடங்கிவிட்டது. மற்ற பெண்கள் அத்திமரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தார்கள். கொம்பையாவோ இன்னும் மண் பூசிக்கொண்டிருந்தார். செவந்தி உள்ளிருந்து மண்ணைச் சுரண்டினால் அன்றைக்குப் பழம் கிடையாது. இடுக்கு வழியாக நெற்றியில் கொத்துதான் கிடைக்கும்.

இது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

"என்னைத் திறந்து விடுங்க!" என்று செவந்தி கத்தினாள்.

"கேட்டீர்களா! கணவரை எவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறார்!" என்று கண் கலங்கியது கரடி.

"மூச்சு முட்டுது!"

"அன்பு அப்படித்தான் முட்டும்!" என்றது மிளா மான்.

"எங்க வீட்டுக்காரரும் இருக்காரே! ஒருநாள் ஒரு பிடி மண் பூசியிருப்பாரா?" என்று முள்ளம்பன்றி தன் கணவரை இடித்தது. இடித்ததில் பக்கத்தில் நின்ற மிளாதான் முள் குத்தி அலறியது.

கொம்பையா பணிவாகத் தலை குனிந்தார்.

செவந்தி இருந்த மரத்தின் பின்பக்கம் ஒரு மரங்கொத்தி எறும்பு தேடிக்கொண்டிருந்தது. அது விழாவுக்கு வந்ததல்ல. பட்டைக்குள்ளிருந்து அழுகை கேட்டது. அங்கிருந்த வெடிப்பில் அலகை வைத்து மெல்லக் கேட்டது: "அக்கா, உங்களுக்கு வெளியே வரணுமா?"

உள்ளே அழுகை நின்றது. இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"வரணும். ஆனா எனக்கு இறகே முளைக்கலையாம். பறக்க முடியாதாம். அவர்தான் சொன்னார்."

மரங்கொத்தி வெடிப்பைக் கொத்தி அகலமாக்கியது. உள்ளே வெளிச்சம் விழுந்தது.

"கறுகறுன்னு முழுசா முளைச்சிருக்கு! இப்பப் பாருங்க!"

செவந்தி பார்த்தாள். தொட்டும் பார்த்தாள்.

"அத்திமரத்துல உங்க ஆளுங்க இருக்காங்க. போனா இடம் தருவாங்க. நான் வெளியிலிருந்து கொத்தறேன். எப்பன்னு நீங்க சொல்லுங்க. கூட்டம் கலைஞ்ச பிறகா?"

"ஐயோ, வேண்டாம். இப்பவே! கூட்டம் கலைஞ்சா அவர் என்னைக் கொத்துவார். இத்தனை பேர் முன்னாடி நல்லவரா நின்னுதானே ஆகணும்?"

மரங்கொத்தி வாசல் பக்கம் வந்தது. டொக், டொக், டொக்! உள்ளிருந்து செவந்தியும் கொத்தினாள்.

"ஆகா, மேளத்துக்கும் ஏற்பாடா!" என்று தலைவர் தாளம் போட்டார்.

கொம்பையாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எல்லோர் கண்ணும் அவர்மேல். பல்லைக் கடிக்கலாம் என்றால் பல்லும் இல்லை. சிரித்துக்கொண்டே நின்றார்.

மண் பெயர்ந்து தலைவரின் தலையில் விழுந்தது. செவந்தி வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தாள். நெற்றி முழுக்கக் கொத்துக் காயம். ஒருவரும் கைதட்டவில்லை.

"அவளுக்குப் புத்தி சரியில்லை," என்றார் கொம்பையா. "பறக்கவும் தெரியாது. விழுந்துவிடுவாள்!"

செவந்தி சிறகை விரித்தாள். சறுக்கிக் கீழ்க்கிளையில் போய் நின்றாள்.

"பார்த்தீர்களா!" என்றார் கொம்பையா.

"மறுபடி, அக்கா!" என்றது மரங்கொத்தி.

மறுபடி சிறகடித்தாள். அந்தக் காற்றில் கொம்பையாவின் தோளிலிருந்த தேக்கிலை பறந்து போனது. செவந்தி அத்திமரத்தை எட்டினாள். அங்கிருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

தலைவர் தலையிலிருந்த மண்ணைத் தட்டினார். காலிப் பொந்தை வெகுநேரம் பார்த்தார். ஒரு வீட்டின் அன்பைப் புகழ்வதற்கு முன், அந்த வீட்டுக்குள் இருப்பவரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார்.