மயில்பச்சைத் தீ

ஜமீன் அரண்மனையில் ராணியம்மாவின் ஒட்டியாணம் காணாமல் போய்விட்டது.

"திருடன் எதிரே நின்றால் அக்கினி பச்சையாகும்" என்று சொல்லி, அரண்மனைச் சாமியார் ஓமகுண்டத்தில் திருநீற்றை அள்ளித் தூவினார். அப்போது எதிரே நின்றவள் பாத்திரம் தேய்க்கும் பொம்மக்கா. தீ மயில்கழுத்துப் பச்சையாய் எழும்பியது. ஜமீன்தார் முதல் சேவகன் வரை எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இவள் கையை வெட்டு!" என்றார் ஜமீன்தார்.

"வெட்டுங்க எசமான். அதுக்கு முந்தி சாமியும் ஒருதரம் நிக்கட்டும்."

சாமியார் சிரித்தபடி வந்து நின்றார். செப்புக்குடம் தேய்த்துக் காய்ந்திருந்த தேங்காய் நாரை இடுப்பிலிருந்து உருவித் தீயில் போட்டாள் பொம்மக்கா. முன்னைவிடப் பச்சையாய், ஆளுயரத்துக்கு எழுந்தது தீ.

"பிடி அவனை!" என்றார் ஜமீன்தார்.

"ஐயோ, அது தெய்வமில்லை எசமான், வெறும் செம்புக் களிம்பு!" என்று அலறினார் சாமியார்.

பொம்மக்கா கேட்டாள்: "அப்போ எனக்கு எரிஞ்சது மட்டும் தெய்வமா சாமி?"