வெளுத்த தாலி

"இவளை இங்கேயே விட்டுட்டுப் போறேன் ஆசானே. இனி என்னால ஏலாது."

மருந்து அரைத்துக்கொண்டிருந்த ஆசான் நிமிர்ந்தார். வந்திருந்தவன் அவருடைய வைத்தியச் சீடன் தாணுலிங்கம். சீடனுக்கு ஆசானைவிட வயது கூடுதல். அதனால் ஆசான் அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

பின்னால் அவன் மனைவி செண்பகவல்லி நின்றாள். மகள் உமையாள், காயப்போட்டிருந்த மூலிகைகளை மும்முரமாக வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை என்ன செய்யுதா?"

"ஒரு இடத்துல இருக்க மாட்டா. சொன்னது அடுத்த நிமிஷம் மறந்துபோவும். கோவம் வந்தா கடிச்சு வச்சிருவா. அடிச்சும் பாத்தாச்சு, பட்டினி போட்டும் பாத்தாச்சு. எல்லாம் திமிரு."

"திமிரு எப்போ வந்துது?"

"பொறந்ததுலேர்ந்தே."

"அதுக்கு முன்னால?"

தாணுலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு முன்னால வயித்துக்குள்ளல்லா கிடந்தா!"

ஆசான் சிரிக்கவில்லை. செண்பகவல்லியைப் பார்த்தார்.

"அக்கா, தாலியைக் கொஞ்சம் காட்டுங்க."

அவள் தயங்கித் தயங்கி வெளியே எடுத்தாள். பொன் தாலி ஈயம்போல வெளுத்திருந்தது.

"எப்போ இப்படி ஆச்சு?"

"இவளை உண்டாயிருந்தப்போ. வெளியே சொன்னா அபசகுனம்னு மறைச்சு வச்சிட்டேன்."

"பாதரசத்தைத் தொட்டீங்களா?"

"எங்க தொட விட்டாரு? மருந்துக்காக அடுக்களை அடுப்புல அவருதான் அதைக் காய்ச்சுவாரு. நான் பக்கத்துல இருந்து தீ தள்ளுவேன், அவ்வளவுதான்."

"பொம்பளை தொட்டா மருந்து கெட்டுப்போவும்னு..." என்று ஆரம்பித்த தாணுலிங்கம் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஆசான் உமையாளைத் திரும்பிப் பார்த்தார்.

"தொடவே இல்ல. கண்ணுக்குத் தெரியாத பாதரச ஆவி. அது தாலியில வந்து படிஞ்ச அதே நேரம், ஒரு சாண் கீழே, இருட்டுல, ஒரு மூளை உண்டாயிட்டு இருந்திருக்கு. இழை இழையா. யாரும் சொல்லிக் குடுக்காம. எவ்வளவு பெரிய வேலை பாருங்க! அங்கயும் அந்த ஆவி போயிருக்கு."

"அப்போ இவ திமிரு..."

"தங்கமே தாங்கலையே, அண்ணாச்சி."

தாணுலிங்கம் மகள் பக்கம் கை நீட்டினான். அடி விழப்போகிறது என்று அவள் பழக்கத்தில் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

அவன் அவள் உச்சந்தலையைத் தொட்டான். பிறந்த அன்று தொட்டதுபோல, அழுத்தாமல்.

"இதுக்குள்ளயா, ஆசானே?" என்றான்.