அடிப்பக்கம் இல்லாத பலகை

இடது கை முறிந்த தச்சர் பொன்னையாவை வேலையை விட்டு நிறுத்தினார் பட்டறை முதலாளி ஞானதாஸ். நியாயம் கேட்டு வந்தாள் பொன்னையாவின் மனைவி ரெஜினா.

"இந்த மேசைப் பலகையில மறுபக்கம் வரைக்கும் துளை போடு. அடிப்பக்கம் ஒரு சிராய்கூடப் பெயரக் கூடாது. போட்டுட்டா அவனைச் சேத்துக்கிறேன்" என்று சிரித்தார் முதலாளி.

துளைபோடும் பளபளத்த ட்ரில் பிட்டுகளை ஒதுக்கிவிட்டு, நடுவில் ஊசிமுனை வைத்த பழைய பிட்டை எடுத்தாள் ரெஜினா. ஊசிமுனை மட்டும் அடியில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினாள். பலகையைப் புரட்டிப் போட்டு, அந்தப் புள்ளியிலிருந்தே துளைத்து முடித்தாள். சிராயே இல்லை.

"ஏம்மா, இப்ப அடிப்பக்கம் எது?"

"அடிப்பக்கமே இல்லைங்க முதலாளி. ரெண்டுமே மேல்பக்கம்தான்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அவருதாங்க. வீட்டுல அவருக்கு இடது கை நான்தானே."

முதலாளி துளையைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு ரெண்டு கையும் சேந்தே வரட்டும்."