ஆறடி தள்ளிய சுவர்

"என் மகன் வெள்ளைக்காரனா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றாள் பிலோமினா.

ராயப்பன் குழிவெட்டி. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கறுப்பர் பக்கத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்தான். அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். பாதிரியாரிடம் கேட்க முடியாததை அந்தத் துறைமுக ஊர் அவனிடம்தான் கேட்கும்.

"எதுக்கும்மா கேக்குறீங்க?"

"எட்வின் விடியக்காலையில காய்ச்சல்ல போயிட்டான். சாயங்காலத்துக்குள்ள அடக்கம் பண்ணணும். உள்ளே அவன் அப்பா பக்கத்துல இடம் கேட்டேன். கல்லறைக் கமிட்டி முடியாதுன்னுடுச்சு. அவன் வெள்ளைக்காரன் இல்லையாம்."

"யாரு சொன்னது?"

"ரெண்டு வருஷம் முன்னாடி அவனைப் பட்டாளத்துல சேர்த்த அதே துரை. அன்னிக்குத் தன் கையாலயே வெள்ளையன்னு எழுதினான். இன்னிக்கு, 'இவன் பாட்டி தமிழச்சியாமே'ங்கிறான்."

"அன்னிக்கு மட்டும் அந்தப் பாட்டி யாராம்?"

"அன்னிக்குப் பீரங்கி தள்ள ஆள் இல்லை."

ராயப்பன் சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதே. குழிவெட்டிகிட்ட நியாயம் கேட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக உள்ளே போனான். அவள் பின்னால் போனாள். சுவரிலிருந்து உள்பக்கமாகப் பத்து எட்டு எடுத்து வைத்து நின்றான். கடப்பாரையை அவள் கையில் கொடுத்தான்.

"இங்கே குத்துங்க."

"துக்க வீட்டுக்காரி நான்."

"குத்துங்கம்மா."

குத்தினாள். நாலாவது குத்தில் செங்கல் சத்தம் கேட்டது.

"என்ன இது?"

"பழைய சுவரோட அஸ்திவாரம். அப்போ உள்ளே இங்கிலீஷ்காரங்க மட்டும்தான். ஐரிஷ் சிப்பாய் எல்லாம் வெளியே."

"ஐரிஷ்காரனா? என் வீட்டுக்காரரும் ஐரிஷ்தான், பால் மாதிரி இருப்பார்."

"அவங்களும் பால் மாதிரிதான் இருந்தாங்க. வெளியேதான் புதைச்சாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"சுவரே இல்லை. ஞானஸ்நானம் வாங்கினவன், வாங்காதவன், அவ்வளவுதான். எங்க அப்பன் சொல்வான், வெள்ளையன்கிற பேரே அப்புறம்தான் வந்துச்சாம்."

"அப்போ இந்தச் சுவர் ஏன் தள்ளிப் போச்சு?"

"ஒரு வருஷம் ஐரிஷ் சிப்பாயும் கறுப்புச் சிப்பாயும் ஒண்ணா நின்னு சம்பளம் கேட்டாங்க. தோளோட தோள் நின்னாங்க. மறு மாசமே ஐரிஷ்காரன் வெள்ளைக்காரன் ஆயிட்டான். சுவரை இடிச்சுப் பத்து எட்டு தள்ளிக் கட்டினாங்க."

"யார் கட்டினது?"

"அந்த ஐரிஷ்காரங்கதான். புதுசா உள்ளே வர்றவன்தான் சுவர் எழுப்பணும், வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பும் அடிக்கணும். அதுதானே வழக்கம். உங்க மாமனார் கையும் பட்டிருக்கும்."

அவள் கடப்பாரையைக் கீழே போட்டாள்.

"திருட்டுப் பசங்க" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை.

வாசலில் கோயில்பிள்ளை மூச்சு வாங்க வந்து நின்றார். தேவாலயத்தில் மணி அடிப்பவரும், கமிட்டிக்கு எடுபிடியும் அவர்தான். கையில் ஒரு தாள்.

"அம்மா, காரியம் முடிஞ்சுது. உங்க மகனோட பீரங்கிப் படைப் பசங்க சோறு வேண்டாம்னு உட்கார்ந்துட்டாங்க. எல்லாம் உங்க பையன் மாதிரிக் கலப்புப் பசங்கதான். துரை பயந்துட்டார். எட்வின் வெள்ளையன்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே உங்க ஆட்கள் எல்லாரும் உள்ளே."

பிலோமினா ஒரு கல்லறை மேல் உட்கார்ந்தாள்.

"அவன் அப்பா பக்கத்துலயா?"

"அங்கே நெருக்கம். உள்ளேயே இடம் இல்லை. சுவரை வெளிப்பக்கம் ஆறடி தள்ளிக் கட்டுவோம். அடக்கத்தை இன்னிக்கு முடிச்சுட்டு, நாளைக்குச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டலாம். வழக்கப்படி செலவு உங்க வீடு. சுண்ணாம்பும்."

ராயப்பன் வெளியே போய், சுவரிலிருந்து ஆறடி அளந்து, மண்வெட்டியால் ஒரு கோடு கிழித்தான். கோடு ஒரு சின்ன மேட்டின் நடுவே ஏறி இறங்கியது. மேட்டில் சிலுவை இல்லை. ஒரு குச்சிகூட இல்லை.

பிலோமினா எழுந்து வந்து பார்த்தாள். அவளுக்கு அந்த மேட்டைத் தெரியும். முப்பது வருஷமாக, தெரியாதவள் போலக் கடந்து போயிருக்கிறாள்.

"இது மேலயா சுவர் வரும்?"

"செல்லாயி அம்மா நெஞ்சு மேல வரும்" என்றான் ராயப்பன்.

"யாரு செல்லாயி?" என்றார் கோயில்பிள்ளை. "பேர்கூட இல்லாத குழி. யாரோ கூலிக்காரியா இருக்கும்."

பேர் வைக்காமல் விட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. ராயப்பன் பிலோமினாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

"என்னடா பார்க்குறே?"

"நேரமாகுதும்மா. எங்கே வெட்டணும்னு சொல்லுங்க."

அவள் கோட்டின் மேல் நின்றாள். முகம் சிவந்திருந்தது. பிறகு காலால் தேய்த்துத் தேய்த்து, மேட்டின் மேல் இருந்த கோட்டை அழித்தாள்.

"என் அம்மாவுக்குப் பக்கத்துல வெட்டு."

கோயில்பிள்ளைக்கு வாய் பிளந்தது. "அம்மா, புத்தி கெட்டுப் போச்சா? எல்லாரும் ஏங்குற தாள் இது. நான் போய்க் கமிட்டிகிட்ட என்னன்னு சொல்றது?"

"பத்திரமா வச்சுக்கச் சொல்லு" என்றாள் பிலோமினா. "பேரை மட்டும் அழிச்சுட்டா, அடுத்தவனுக்கு ஆகும்."