பேசியவர் பெயர்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அன்றைக்கு லீவு. வகுப்பு லீடருக்கோ காய்ச்சல். அதனால் தலைமையாசிரியர் குற்றாலிங்கம், கண்ணில் பட்ட இசக்கியம்மாள் கையில் சாக்பீஸைத் திணித்தார்.

"பேசுதவங்க பேரை போர்டுல எழுது. யாரா இருந்தாலும் விடாத. திரும்பத் திரும்பப் பேசினா பக்கத்துல 'அடங்கவில்லை'ன்னு போடு. பேரு வந்தவங்க பெஞ்சு மேல ஏறி நின்ன பொறகுதான் அழிக்கணும். பேசாத கிளாஸுன்னு உலகத்துலயே கிடையாது. நான் வரும்போது போர்டு காலியா இருந்தா, நீதான் பெஞ்சு மேல!"

சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு, 'என் பேரை எழுதிராத' என்று கண்ணாலேயே கெஞ்சினார்கள். ஒருவரும் பேசவில்லை. இசக்கிக்குக் கை வேர்த்து சாக்பீஸ் நனைந்தது. பொய்யாக யார் பேரை எழுதுவாள்? வராந்தாவில் செல்போனில் யாரையோ திட்டும் குரல் மட்டும் ஓயவே இல்லை.

செருப்புச் சத்தம் நெருங்கியது. இசக்கி அவசர அவசரமாக எழுதினாள்.

தலைமையாசிரியர் உள்ளே வந்தார். பின்னாலேயே நாலாம் வகுப்பு டீச்சரும் வந்தார். போர்டில் இருந்தது: 'ஹெச்.எம். சார் – அடங்கவில்லை.'

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"என்ன பிள்ள இது?"

"யாரா இருந்தாலும் விடாதன்னு சொன்னீங்கள்லா சார். நீங்க மட்டுந்தான் பேசினீங்க."

"சரி சரி, அழி."

"பெஞ்சு மேல ஏறி நின்ன பொறகுதான் அழிக்கணும், சார்."

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை.